எஸ்டிமேட் 41,000, செலவு 1,640: கார் சைலன்சர் லீக்கை வீட்டிலேயே கண்டுபிடிக்கிறது எப்படி?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிட்டிருந்த ஆள் திடீர்னு கார் சைலன்சரைப் பத்தி எழுதுறானேன்னு நினைக்க வேண்டாம். இதுவும் பணம் பத்தின விஷயம்தான். கூடவே, பணத்தை விடப் பெரிய விஷயம் ஒண்ணும் இதுல இருக்கு. அதை நான் ரொம்ப லேட்டாத்தான் கவனிச்சேன்.

எனக்கு வேலை சென்னையில. கார் இருக்கிறது ஒரத்தநாட்டுல, அப்பாகிட்ட. பழைய பிஎஸ்4 பெட்ரோல் ஹேட்ச்பேக். வார நாள்ல அப்பா கடைத்தெரு வரைக்கும் எடுப்பார். நான் ஊருக்குப் போனா தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, எப்பவாவது திருச்சி. போன தை மாசம் பொங்கலுக்குப் போனப்ப டேஷ்போர்டுல மஞ்சள் கலர் இன்ஜின் லைட் எரிஞ்சுக்கிட்டிருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டினோம். ஸ்கேனர் மாட்டினாங்க, பி 0420ன்னு கோடு வந்தது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தணும், எல்லாம் சேர்த்து 41,000 ஆகும்"னு சொல்லி எஸ்டிமேட் பேப்பரைக் கையில கொடுத்துட்டாங்க. "கார்டுல போட்டு ஈஎம்ஐ ஆக்கிக்கலாம் சார்"னு யோசனையும் அவங்களே சொன்னாங்க. கார்டு பாக்கியை அப்படியே உருட்டினா மாசம் 3% வட்டிக்கு மேல போகும்னு இந்த இடத்துல எத்தனை தடவை எழுதியிருக்கேன்! இருந்தாலும், நமக்கே ஒண்ணு வரும்போது கை கார்டு பக்கம்தான் போகுது.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை நிறுத்துச்சு. "இந்தக் கார்ல ஏறினாலே எனக்குத் தலை சுத்துது தம்பி, பஸ்ல போனா ஒண்ணும் இல்ல." ஆறு மாசமா அவங்க இதைச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காங்க. பித்தம், ஏசி ஒத்துக்கல, வெறும் வயித்துல கிளம்பினதுன்னு நாங்கதான் ஆளுக்கொரு காரணம் சொல்லிட்டு இருந்திருக்கோம்.

முதல்ல உயிர், அப்புறம்தான் மைலேஜ்

எக்ஸாஸ்ட் லீக்னா என்ன? இன்ஜின்ல எரிஞ்ச வாயு மேனிஃபோல்ட், கன்வெர்ட்டர், பைப், சைலன்சர் வழியா போய் வண்டியோட பின்னாடி டெயில் பைப்ல வெளிய வரணும். நடுவுல எங்கேயாவது ஜாயின்ட் தளர்ந்தாலோ, கேஸ்கெட் எரிஞ்சாலோ, துரு ஏறி ஓட்டை விழுந்தாலோ அந்த வாயு வண்டிக்கு அடியிலேயே வெளியேறும். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். அதனால மூச்சு விட்டுக்கிட்டே இருந்தாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, தலைசுத்தல், குமட்டல், அசதி, தூக்கம். நம்ம ஊர்ல "பித்தம்"னு சொல்ற அத்தனை அறிகுறியும் இதுல அடங்கிடுது.

புகை வாசனை வந்தா அதோட இதுவும் வருதுன்னு எடுத்துக்கலாம். ஆனா வாசனை வரலைன்னா பயமில்லைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கார் ஓடும்போது பின்பக்கம் காத்தழுத்தம் குறையும். டிக்கி பீடிங் ரப்பர் கிழிஞ்சிருந்தா, பின்னாடி வெளியேறுற வாயு சுழண்டு அந்த இடுக்கு வழியா உள்ள வரும். பின் சீட்டுல உட்கார்றவங்களுக்குத்தான் அது முதல்ல போய்ச் சேரும். எங்க வீட்டுல பின் சீட்டு எப்பவும் அம்மாவுக்குத்தான்.

அதனால முதல் வேலை. கார்ல ஏறினா மட்டும் யாருக்காவது தலைவலி வருதுன்னா, சரிபார்க்கிற வரைக்கும் அந்த வண்டியில குடும்பத்தை ஏத்தாதீங்க. மெக்கானிக்கிட்ட கொண்டு போகத்தான் வேணும்னா எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத் தனியா ஓட்டிட்டுப் போங்க. கோயில் வாசல்லயோ கல்யாண மண்டபத்துலயோ வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுப் பெரியவங்களை உள்ள தூங்க விடுற பழக்கத்தை இன்னையோட விடுங்க. கதவு சாத்தின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடாதீங்க, அஞ்சு நிமிஷம்னாலும் வேண்டாம்.

ஒரே லீக், ரெண்டு விலை

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டைப் புரிஞ்சுக்கணும்னா இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். எக்ஸாஸ்ட் பைப்ல கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். முன் சென்சார் சொல்றதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும். பின் சென்சார் கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு மட்டும் பார்த்துக்கும்.

ஓட்டைன்னா வாயு வெளிய மட்டும்தானே போகும்னு நீங்க கேக்கலாம். அப்படி இல்ல. எக்ஸாஸ்ட் வாயு குழாய்த் தண்ணி மாதிரி ஒரே சீராப் போகாது, துடிப்பு துடிப்பாப் போகும். ரெண்டு துடிப்புக்கு நடுவுல அழுத்தம் சட்டுனு குறையும்போது அந்த ஓட்டை வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கும். காத்துல ஆக்சிஜன் இருக்கே! முன் சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா, "பெட்ரோல் பத்தலை"ன்னு கம்ப்யூட்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுக் கூடுதலா ஊத்தும். மைலேஜ் இறங்கும். பி 0171ன்னு ஒரு கோடு வரலாம். பின் சென்சாருக்குச் சற்று முன்னாடி லீக் இருந்தா, நல்லா இருக்கிற கன்வெர்ட்டரையே "செத்துப்போச்சு"ன்னு சொல்ற பி 0420 வரலாம். ரெண்டு சென்சாரையும் தாண்டிப் பின்னாடி லீக் இருந்தா மைலேஜும் குறையாது, லைட்டும் எரியாது. சத்தமும் புகையும் மட்டும்தான்.

இப்ப கணக்கைப் பாருங்க. உதாரணத்துக்கு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14க்கு இறங்கிடுச்சு, மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். முன்னாடி 62.5 லிட்டர், இப்ப 71.4 லிட்டர். மாசம் கிட்டத்தட்ட 890 ரூபாய், வருஷத்துக்கு 10,700 ரூபாய் குழாய் ஓட்டையில போகுது. இதோட நிக்காது. கூடுதலா ஊத்தின பெட்ரோல் எரியாம போய் கன்வெர்ட்டரைச் சூடாக்கும், அப்படியே விட்டா கொஞ்ச நாள்ல நிஜமாவே அது கெட்டுப்போகும். அப்ப அந்த 41,000 எஸ்டிமேட் உண்மையாயிடும்.

பி 0420 வந்தா கன்வெர்ட்டர் போச்சுன்னு ஸ்கேனர் சொல்லலை. கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யாத மாதிரி பின் சென்சாருக்குத் தெரியுதுன்னு மட்டும்தான் சொல்லுது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் 40,000 ரூபாய் நிக்குது.

ஒரத்தநாட்டு ரோடும் வைக்கோலும்

நம்ம பக்கத்து வண்டிக்கு இந்தப் பிரச்சினை ஏன் சீக்கிரம் வருதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். ரெண்டு காரணம் தெரிஞ்சது.

ஒண்ணு, குறைஞ்ச ஓட்டம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். காலையில டெயில் பைப்ல தண்ணி சொட்டுறது இதுதான், அது கோளாறு இல்ல. தஞ்சாவூர் வரைக்கும் ஓட்டினா சைலன்சர் நல்லாச் சூடாகி அந்தத் தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடும். அப்பா மாதிரி ரெண்டு கிலோமீட்டர் போய்க் காய்கறி வாங்கிட்டு வந்து நிறுத்தினா, தண்ணி சைலன்சர் வயித்துலேயே தங்கிடும். துரு உள்ள இருந்தே அரிச்சுக்கிட்டு வரும். "வண்டி புதுசு மாதிரி வச்சிருக்கோம், ஓட்டுறதே இல்ல"ன்னு நாம பெருமையாச் சொல்ற வண்டிக்குத்தான் சைலன்சர் முதல்ல போகும். ஊர்ல கார் வச்சுட்டு வெளியூர்ல வேலை பாக்குற எல்லாருக்கும் இது பொருந்தும். வாரத்துக்கு ஒரு தடவையாவது இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்க.

ரெண்டாவது, ரோட்டுக் களம். டெல்டாவுல இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சம்பா அறுப்பு முடிஞ்சா ரோட்டோரம் பூரா நெல்லும் வைக்கோலும். மாசி, பங்குனியில உளுந்து, பயறு. அதுக்கப்புறம் எள்ளு. செடியோட ரோட்டுல பரப்பிவிட்டா போற வர்ற வண்டி ஏறி ஏறிக் கதிரடிச்சுக் கொடுத்துடும். விவசாயிக்குக் களம் இல்லாத குறை அது, அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஆனா நம்ம காரோட அடிப்பக்கம் அந்தத் தாளை வாரிக்கும். ஜாயின்ட் போல்ட்டுலயும், ஸ்பிரிங்குலயும், வெப்பத்தகட்டுலயும் சுத்திக்கிட்டுக் கருகும். கன்வெர்ட்டர் ஓடும்போது சில நூறு டிகிரி சூட்டுல இருக்கும். காய்ஞ்ச புல்லு மேல சூடான வண்டியை நிறுத்தாதீங்கன்னு ஆஸ்திரேலியாவுல கோடைக்காலத்துல தீயணைப்புத் துறையே எச்சரிக்கும். இங்க நாம வைக்கோல் மேலயே ஓட்டிட்டு வந்து, வைக்கோல்போர் பக்கத்துலயே நிறுத்துறோம். இதுல லீக் வேற இருந்தா சூடான வாயு நேரா அந்தச் சருகு மேல பீச்சும்.

களத்தைத் தாண்டின உடனே ஓரமா நிறுத்தி அடியில ஒரு பார்வை பாருங்க. தாள் தெரிஞ்சா வெறுங்கையால இழுக்காதீங்க, குச்சியால எடுங்க.

சோப்புத் தண்ணியும் ப்ளோயரும்

சரி, கண்டுபிடிக்கிற வேலைக்கு வருவோம். வண்டி இன்னும் வாரன்ட்டியில இருந்தா நீங்க எதையும் தொடாதீங்க, சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்க. வாரன்ட்டி முடிஞ்சவங்க மேல படிக்கலாம்.

முதல்ல காதால கேளுங்க. ராத்திரி பூரா நின்ன வண்டியை விடியக்காலம் வெட்டவெளியில ஸ்டார்ட் பண்ணுங்க, பானட்டைத் திறந்து வச்சுக்கோங்க. இன்ஜின் பக்கத்துல "டிக் டிக்"னு ஒரு சத்தம் வந்து, சூடாகச் சூடாகக் குறைஞ்சா மேனிஃபோல்ட் கேஸ்கெட்டையோ மேனிஃபோல்ட் விரிசலையோ சந்தேகப்படுங்க. இரும்பு சூட்டுல விரிஞ்சு இடுக்கை அடைச்சுக்கிறதாலதான் சத்தம் குறையுது. உங்க காலுக்கு நேர் கீழ "புர்ர்"னு வந்தா நடு ஜாயின்ட் இல்லைன்னா ஃப்ளெக்ஸ் பைப். பின்னாடி டிராக்டர் மாதிரி அடிச்சா சைலன்சர் டப்பா.

அடுத்தது கண்ணு. இது இன்ஜின் ஆஃப் பண்ணி, வண்டி முழுசா ஆறின பிறகு. லீக் இருக்கிற இடத்துல கரி படிஞ்சிருக்கும், ஜாயின்ட்டைச் சுத்தி மை தடவின மாதிரி. செல்போன் டார்ச் போதும். சைலன்சர் டப்பாவோட அடியில சின்னதா, வட்டமா, ஒழுங்கா ஒரு துளை இருந்தா அது கம்பெனி வச்ச தண்ணி வடிகால். அதை அடைச்சுடாதீங்க. எங்க பக்கத்து வீட்டு அண்ணன் அதை "ஓட்டை"ன்னு அடைச்சுட்டு, அடுத்த மழைக்காலத்துக்குள்ள டப்பாவையே மாத்தினார்.

மூணாவது சோப்பு டெஸ்ட். எனக்குப் பிடிச்சது இதுதான், ஏன்னா இன்ஜினே ஓட வேண்டாம், புகையும் இல்ல, சூடும் இல்ல. வீடு சுத்தம் பண்ற ஏர் ப்ளோயரையோ, காத்தை வெளிய ஊதுற வசதி இருக்கிற வேக்குவம் கிளீனரையோ டெயில் பைப்ல வச்சு, சுத்தி ஒரு பழைய துணியால இறுக்கிக் கட்டி ஊதவிடுங்க. பாத்திரம் விளக்குற சோப்பைத் தண்ணியில கரைச்சு ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி ஒவ்வொரு ஜாயின்ட்டா அடிங்க. பஞ்சர் கடையில ட்யூபைத் தண்ணியில முக்கிப் பாக்குறதும் இதுவும் ஒண்ணுதான். லீக் இருக்கிற இடம் நுரையைக் கக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு டெயில் பைப்பை ஈரத்துணியால அடைச்சுச் சீறல் சத்தம் கேக்குற முறையும் ஒண்ணு இருக்கு. மெக்கானிக் பண்ணுவாங்க. பண்றதா இருந்தா வெட்டவெளியில, கூட ஒரு ஆளை வச்சுக்கிட்டு, ரெண்டு மூணு விநாடிதான். ஊதுபத்தி புகை காட்டிப் பாக்குற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அடியில பெட்ரோல் லைன் பக்கத்துலதான் போகுது.

வண்டியைத் தூக்கணும்னா சிமென்ட் தரையில, ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வச்சு, ஜாக்கியால தூக்கி, ஜாக் ஸ்டாண்டுல உட்கார வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. செங்கல்லையும் முட்டுக் கொடுக்காதீங்க. அது விரிசல் விட்டு முன்கூட்டிச் சொல்லாது, ஒரே நொடியில நொறுங்கிடும். கண்ணாடி போட்டுக்கோங்க, துரு நேராக் கண்ணுலதான் விழும். ஸ்டாண்டு இல்லாதவங்க அடியில போகவே வேண்டாம், பக்கத்துல இருக்கிற வாட்டர் சர்வீஸ் கடையில லிஃப்ட்டுல ஏத்தச் சொல்லிப் பாருங்க.

எங்க வண்டியில நுரை ரெண்டு இடத்துல வந்தது. கன்வெர்ட்டரைத் தாண்டினதும் வர்ற ஜாயின்ட்டுல ஒண்ணு. அதுல ரெண்டு போல்ட்டு, ரெண்டு ஸ்பிரிங். ஒரு ஸ்பிரிங் உடைஞ்சிருந்தது, அதைச் சுத்திக் கருகின உளுந்துத் தாள் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இருந்தது. அந்த ஜாயின்ட்டுக்கு ஒரு சாண் தள்ளித்தான் பின் சென்சார். ஸ்கேனர்ல வந்த கோடுக்குக் காரணம் இங்கயே இருக்குன்னு தோணிடுச்சு. ரெண்டாவது, பின் சைலன்சர் டப்பாவோட மடிப்புல ஒரு மிளகு அளவு துரு ஓட்டை. டிக்கியைத் திறந்து பார்த்தா பீடிங் ஒரு ஜாண் நீளத்துக்குக் கிழிஞ்சு தொங்குது. அம்மா உட்கார்ற இடத்துக்கு நேர் பின்னாடி.

எதை வீட்டுல ஒட்டலாம், எதைப் பட்டறைக்கு விடணும்

ஜாயின்ட் கேஸ்கெட் வீட்டுல பண்ணக்கூடிய வேலை. முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுக்குத் துரு கழட்டுற ஆயில் அடிச்சு ஊறவிடுங்க. காலையில ஸ்பேனர் போட்டா கழண்டு வரும். ரெண்டு முகத்தையும் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, ரிங் கேஸ்கெட்டைப் புதுசா வச்சு, போல்ட்டு ஸ்பிரிங்கையும் புதுசா போடுங்க. பழசை மறுபடி போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீங்க. ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரு பக்கமா முறுக்கினா ரிங் சாஞ்சு உட்காரும்.

டப்பாவுல விழுந்த சின்ன ஓட்டைக்கு சைலன்சர் புட்டி. சுத்தித் துருவை உலோகம் பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சுட்டு அப்பணும், காய விடணும், அப்புறம் வெளியில வச்சு இன்ஜினைப் பத்து நிமிஷம் ஐடில்ல ஓடவிட்டா சூட்டுல இறுகும். வீட்டுக் குழாய்க்குப் பூசுற எம்-சீல் இங்க உதவாது, சூட்டுல விட்டுடும். புட்டி சில மாசத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். டப்பா உள்ள இருந்து அரிச்சிருந்தா கை வச்ச இடமெல்லாம் ஓட்டை விழும், அப்ப மாத்திடுறதுதான் லாபம்.

ஃப்ளெக்ஸ் பைப் போனா ஒட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க. அது அசையுறதுக்குன்னே இருக்கிற பின்னல், எந்தப் புட்டியும் நிக்காது. சைலன்சர் பட்டறையில அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் புதுசு வெல்டு வைக்கச் சொல்லுங்க. முழு பைப்பும் மாத்தணும்னு சொன்னா இன்னொரு இடத்துல கேளுங்க. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டச் சொல்லுங்க. மேனிஃபோல்ட் பக்கத்து வேலையையும் மெக்கானிக்கிட்டயே விடுங்க. அங்க இருக்கிற ஸ்டட் உடைஞ்சா 500 ரூபாய் வேலை 5,000 ஆகும்.

கன்வெர்ட்டரை அறுத்து உள்ள இருக்கிறதை எடுத்துட்டு வெறும் பைப் வச்சுத் தர்றோம்னு சில இடத்துல சொல்வாங்க. "மைலேஜ் ஏறும்"னும் சேர்த்துச் சொல்வாங்க. வேண்டாம். 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரத்துல புது பெட்ரோல் காருக்கு இது கட்டாயமாச்சு. இதை எடுத்துட்டா விஷ வாயு அப்படியே வெளிய வரும். பிஎஸ்4 பெட்ரோல் காருக்குப் புகை டெஸ்ட்ல ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, கன்வெர்ட்டர் இல்லாம அது கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுல, 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகை விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் சிறை, லைசென்ஸ் மூணு மாசம் செல்லாது. இதெல்லாம் முதல் தடவைக்கே.

ஒருவேளை கன்வெர்ட்டர் நிஜமாவே போயிருந்தா, மாத்தின பிறகு பழசைக் கேட்டு வாங்குங்க. உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு. அதுக்கு மார்க்கெட்ல விலை இருக்கு. "பழசை நாங்களே எடுத்துக்கிறோம் சார்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னா, பில்லுல அதுக்கு எவ்வளவு கழிப்பீங்கன்னு கேளுங்க. இன்சூரன்ஸ்ல க்ளைம் பண்ணலாமான்னு நிறைய பேர் கேப்பீங்க. முடியாது. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சாதாரண கார் பாலிசியில விலக்கு.

பில்லு

ரிங் கேஸ்கெட் 320. ஸ்பிரிங்கோட ரெண்டு போல்ட்டு 180. துரு ஆயில் 200. சைலன்சர் புட்டி 250. கம்பி பிரஷ், உப்புத்தாள் 90. டிக்கி பீடிங் 600. மொத்தம் 1,640 ரூபாய். ஜாக் ஸ்டாண்டும் ஸ்கேனரும் நண்பன்கிட்ட கடன் வாங்கினது. மொபைல்ல ப்ளூடூத்தோட இணையுற சின்ன ஸ்கேனர் 1,000 ரூபாய்க்குள்ளயே கிடைக்குது, கார் வச்சிருக்கிறவங்க வாங்கி வச்சுக்கலாம். என்னோட நேரம் ஒண்ணரை நாள், பனியன் ஒண்ணு போச்சு.

வேலை முடிஞ்சதும் மறுபடி ப்ளோயர் வச்சு சோப்பு அடிச்சோம், நுரை வரலை. கோடை அழிச்சுட்டு ஓட்டிப் பார்த்தோம். இங்க ஒரு எச்சரிக்கை: லைட்டை அழிச்சா பிரச்சினை தீர்ந்ததுன்னு அர்த்தம் இல்ல. கம்ப்யூட்டர் மறுபடி சோதிச்சு முடிக்கச் சில நாள் ஓட்டம் வேணும். நிஜமாத் தெரிஞ்சுக்கணும்னா ஸ்கேனர்ல பின் சென்சார் வோல்டேஜைப் பாருங்க. இன்ஜின் சூடான பிறகு சீரான வேகத்துல போகும்போது அது கிட்டத்தட்ட அசையாம நின்னா கன்வெர்ட்டர் நல்லா இருக்கு. முன் சென்சார் மாதிரியே அதுவும் மேலயும் கீழயும் குதிச்சா கன்வெர்ட்டர் நிஜமாவே போயிடுச்சு, அப்ப ஒர்க்‌ஷாப் சொன்னது சரிதான். எங்களுக்கு நின்னுச்சு. 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு, ஆறவிட்டு, போல்ட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தோம்.

அந்த ஒர்க்‌ஷாப் ஏமாத்தப் பார்த்துச்சுன்னு நான் சொல்லலை. கோடைப் பார்த்தாங்க, அந்தப் பார்ட்டைச் சொன்னாங்க. லீக் இருக்கான்னு பார்க்க அரை மணி நேரம் அவங்களுக்குக் கட்டுப்படியாகாம இருந்திருக்கலாம். நமக்கு அந்த அரை மணி நேரம் ஒரு மாசச் சம்பளம். அதனால எந்த ஒர்க்‌ஷாப் கன்வெர்ட்டர்னு சொன்னாலும் "லீக் டெஸ்ட் பண்ணீங்களா, பின் சென்சார் ரீடிங் காட்டுங்க"ன்னு இந்த ரெண்டையும் கேளுங்க.

இன்னொண்ணு, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம இருந்ததுக்குச் சந்தோஷம்தான். ஆனா கார் ரிப்பேர் எமர்ஜென்சியே கிடையாது, கண்டிப்பா வரப்போற செலவு, தேதிதான் தெரியாது. இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் மாசம் 1,500 ரூபாய்க்குக் காருக்குன்னே ஒரு ஆர்டி போட்டுட்டேன். அடுத்து டயர் வரிசையில நிக்குது.

அம்மாவோட தலைசுத்தலுக்கு லீக்தான் காரணம்னு என்கிட்ட எந்த டாக்டர் சீட்டும் இல்ல. பார்ட் மாத்தி அஞ்சு மாசம் ஆச்சு. அதுக்குள்ள திருச்சிக்கு மூணு தடவை போயிட்டு வந்தாச்சு, அவங்க ஒண்ணும் சொல்லலை. இப்ப முன் சீட்டுக்கு மாறிட்டாங்க. ஏசி போட்டாலும் ஜன்னல் கண்ணாடியை மட்டும் ரெண்டு விரல் இறக்கித்தான் வச்சுக்கிறாங்க.